இரண்டு விநாடிக் கூடாரம்: விளம்பரமும் இயற்பியலும்

விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு வெளியூர் சென்று, அனுமதி பெற்ற முகாம் இடங்களில் கூடாரம் அமைத்துத் தங்கும் பழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகிறது. நல்ல வழக்கம்தான். நட்சத்திரங்களைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த வாய்ப்பு கிடைக்காது. ஆனால் கூடாரம் வாங்கக் கடைக்குச் செல்லும் குடும்பத் தலைவர் முதலில் சந்திப்பது மூன்று எண்களை. '4 பேர்', '2 விநாடி', '2000 மி.மீ.' என்று உறையின்மேல் பெரிய எழுத்தில் அவை அச்சிடப்பட்டிருக்கும்.

இம்மூன்றும் பொய் அல்ல. ஆயினும் வாங்குபவர் எதை அறிய விரும்புகிறாரோ அதை இவை கூறுவதில்லை. ஓர் அளவு எந்த நிபந்தனையில் அளக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் அந்த அளவினால் பயனில்லை என்பது ஆய்வகத்தில் மாணவர் கற்கும் முதல் பாடம். அந்தப் பாடத்தைக் கூடார உறையின்மீது செலுத்திப் பார்ப்போம். சில மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் இது. நள்ளிரவு மழையில் குழந்தைகள் நனைவதும் நனையாமல் இருப்பதும் இதைப் பொறுத்தது. எனவே இந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையோடு போட்டுப் பார்ப்பது தகும்.

நான்கு பேர் என்பது யார்?

நான்கு பேருக்கான கூடாரம் என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலானவற்றின் தரை ஏறத்தாழ 240 செ.மீ. நீளமும் 210 செ.மீ. அகலமும் உடையது. நீளத்தை நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 60 செ.மீ. கிடைக்கிறது. ஒரு பாயின் அகலம்கூட இல்லை. நான்கு பேரும் நெருக்கமாக, புரளாமல் படுத்தால் இடம் சரியாக இருக்கும். பெட்டிக்கும் பைக்கும் செருப்புக்கும் இடம் இல்லை. ஆகவே 'பேர்' என்பது இங்கே மனிதரைக் குறிக்கவில்லை, 60 செ.மீ. அகலத்தைக் குறிக்கும் ஓர் அலகு என்றே கொள்ள வேண்டும்.

இட நெருக்கடியாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத நெருக்கடி ஒன்றும் உண்டு. ஓய்வாகப் படுத்திருக்கும் மனிதர் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 30 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறார். நான்கு பேர் எட்டு மணி நேரம் உறங்கினால் இது 960 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர். குழந்தைகள் இருந்தால் சற்றுக் குறையும். இந்த ஒரு லிட்டர் எங்கே போகிறது?

கூடாரத்தின் கொள்ளளவு 4 கன மீட்டர் என்று கொள்வோம். 20 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் கூடாரக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடியது 68 கிராம். கதவையும் சாளரத்தையும் இறுக மூடிவிட்டால், உள்ளிருந்த காற்று முற்றிலும் உலர்ந்ததாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் தெவிட்டிவிடும். மேலும், மேகமற்ற இரவில் கூடாரத் துணி தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசிச் சுற்றுப்புறக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. புல்லின்மேல் பனித்துளி படிவது போலவே துணியின் உட்புறத்தில் நீர் படிகிறது. விடியற்காலையில் அது சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பலர், உண்மையில் தம் குடும்பத்தாரின் மூச்சுக்காற்றில்தான் நனைந்திருக்கிறார்கள்!

இதற்குப் பரிகாரம் இரட்டைச் சுவர். உள்ளே வலைத்துணியாலான அறை. வெளியே, அதைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டு, நீர் புகாத கூரை. நீராவி வலையின் வழியே வெளியேறி வெளிக்கூரையில் படிந்து ஓரமாக வழிந்துவிடும். மலிவான, விரைவில் விரியும் கூடாரங்கள் பலவற்றில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்த இரண்டாவது சுவரில்தான். உறையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இராது.

இரண்டு விநாடி எங்கிருந்து வந்தது?

விரைவாக விரியும் கூடாரம் புதிய எண்ணம் அன்று. அமெரிக்க ஓவியரான பில் மாஸ் என்பவர் 1955-ஆம் ஆண்டிலேயே வளையும் கம்புகளைக் கொண்ட 'பாப் டென்ட்' என்ற கூடாரத்தை வடிவமைத்தார். தூக்கி எறிந்தால் தானே விரியும் வகை, 2005-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிறுவனமான டெக்கத்லான் 'இரண்டு விநாடி' என்ற பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு உலகெங்கும் பெயர் பெற்றது.

இதன் தத்துவம் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். மடித்து வைக்கும் கொசுவலையைப் பாருங்கள். உறையை அவிழ்த்ததும் அது துள்ளி விரிகிறது. அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? கடைசியாக அதை மடித்தவரின் கைகளிலிருந்து வந்தது. எஃகு அல்லது கண்ணாடி இழை வளையத்தை முறுக்கி மடிக்கும்போது நாம் செய்யும் வேலை மீட்சி ஆற்றலாக அதில் சேமிக்கப்படுகிறது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு விளம்பரம் விலக்காகாது. விரிப்பது எளிது என்றால் மடிப்பது கடினம். கொசுவலையோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மடித்த பிறகு அதன் அளவு என்ன? ஒரு வளையத்தை முறுக்கினால் அது மூன்று சுற்றாக அடங்கும். சுற்றளவு மாறாது, எனவே விட்டம் மூன்றில் ஒரு பங்காகும். குடும்பக் கூடாரத்தின் வளையம் 8 மீட்டர் சுற்றளவு உடையதென்றால் அதன் விட்டம் ஏறத்தாழ 2½ மீட்டர். மடித்தால் 85 செ.மீ. இந்த வட்டத் தட்டு காரின் பின்புறத்தில் அடங்கும். பேருந்தில் தலைக்கு மேலுள்ள சாமான் தட்டில் அடங்காது. சொந்தக் கார் இல்லாத குடும்பத்திற்கு இந்த 85 செ.மீ., 2 விநாடியைவிட முக்கியமான எண்.

இனி நேரக் கணக்கு. இரண்டு விநாடியில் கூடாரம் விரிகிறது, நிலத்தில் நிற்பதில்லை. நிற்க வேண்டுமானால் முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். பன்னிரண்டு முளைகள், ஒன்றுக்கு ஒரு நிமிடம் எனக் கொண்டால் 12 நிமிடம். இரண்டு கம்புகளைக் கோத்து நிறுத்தும் சாதாரணக் குவிமாடக் கூடாரத்திற்குக் கம்பு கோக்க மேலும் 5 நிமிடம் ஆகலாம். ஆக 17 நிமிடம். ஒப்பிட வேண்டியது 12-ஐயும் 17-ஐயும். விளம்பரமோ 2 விநாடியை நம் கற்பனையிலுள்ள ஒரு மணி நேரத்தோடு ஒப்பிடச் செய்கிறது.

இவற்றுக்கு இடைப்பட்ட மூன்றாவது வகை, குடைபோல் விரிவது. கம்புகள் அனைத்தும் உச்சியில் ஒரு மூட்டில் இணைந்திருக்கும். இழுத்து விரித்தால் கூடாரம் எழுந்து நிற்கும். வசதியானதுதான். ஆனால் குடையின் மூட்டு உடைந்தால் குடை முழுவதும் வீணாவது போலவே இதிலும் நேரும். தனிக் கம்பு ஒன்று முறிந்தாலோ, அதன்மேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகி அந்த இரவைக் கழித்துவிடலாம்.

விரைவுக்கு மதிப்பே இல்லை என்று நான் கூறவில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தால் ஐந்து நிமிடமும் பெரிதுதான். பல சாதாரணக் கூடாரங்களில் வலையறையை முதலில் நிறுத்தி, பிறகே வெளிக்கூரையைப் போர்த்த வேண்டும். அதற்குள் அறை நனைந்துவிடும். வெளிக்கூரை முதலில் எழும் அமைப்போ, இரண்டும் சேர்ந்தே எழும் அமைப்போ உள்ள கூடாரத்தில் இத்தொல்லை இல்லை. எனவே 'எத்தனை விநாடி?' என்று கேட்பதைவிட, 'மழையில் உள்ளறை நனையாமல் நிறுத்த முடியுமா?' என்று கேட்பதே பொருத்தம்.

மில்லி மீட்டரில் அளந்த நீர்

2000 மி.மீ. என்பது மழையளவு அன்று. ஐ.எஸ்.ஓ. 811 என்ற பன்னாட்டுச் சோதனை முறையில் துணியின் ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். மறுபக்கத்தில் மூன்று இடங்களில் நீர் கசியும்போதுள்ள அழுத்தமே அத்துணியின் அளவு. அதை நீர்த்தம்பத்தின் உயரமாகக் கூறுவது வழக்கம். அதாவது 2 மீட்டர் உயர நீரை அத்துணி தாங்கும். இது கூரைக்குத் தாராளமாகப் போதும். கூரையில் நீர் தேங்குவதில்லை, வழிந்தோடிவிடுகிறது.

தரையின் நிலை வேறு. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் முழங்காலிட்டு எழுகிறார். அவருடைய எடை சுமார் 590 நியூட்டன். இரு முழங்கால்களும் நிலத்தைத் தொடும் பரப்பு 100 சதுர செ.மீ. எனக் கொண்டால், அழுத்தம் சதுர மீட்டருக்கு 59,000 நியூட்டன். இது ஏறத்தாழ 6 மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தம். தரைக்கு அடியில் ஈர மண் இருந்தால் 2000 மி.மீ. துணியின் வழியே நீர் மேலேறுவதில் வியப்பில்லை. ஆகவே கூரையின் எண்ணைக் கண்டு மகிழாமல் தரையின் எண்ணைக் கேளுங்கள். தரைத்துணி தொட்டியின் விளிம்பு போல ஒரு சாண் உயரமாவது சுவரில் ஏறியிருப்பதும் அவசியம்.

இன்னொன்று: இந்தச் சோதனை புதிய துணிக்குச் செய்வது, தையலுக்குச் செய்வதன்று. ஊசி குத்திய இடமெல்லாம் ஒரு துளை. உட்புறத் தையல்களின்மேல் நீர்த்தடுப்பு நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்க்க வேண்டும். எத்துணியானாலும் வெயிலில் நாட்கணக்கில் விட்டால் புற ஊதாக் கதிர்கள் அதை நலிவுறச் செய்யும்.

உறையில் இல்லாத எண்

காற்றைப் பற்றி உறை பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மணிக்கு 36 கிலோ மீட்டர் காற்று, 3 சதுர மீட்டர் பரப்புள்ள தட்டையான சுவரின்மீது சுமார் 180 நியூட்டன் விசையைச் செலுத்தும். இது 18 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகி 73 கிலோகிராம் எடையை எட்டும். அதாவது வளர்ந்த ஆள் ஒருவர் சாய்ந்து தள்ளுவது போல. நின்றுகொண்டே உடை மாற்றலாம் என்று விளம்பரம் செய்யப்படும் உயரமான கூடாரங்களில் சுவர்ப் பரப்பு மிகுதி; ஆகவே விசையும் மிகுதி.

இதைத் தாங்க வேண்டியது கம்பு. திண்ணிய கம்பின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 8 மி.மீ. கம்புக்குப் பதில் 10 மி.மீ. கம்பு இருந்தால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. இரண்டு மில்லி மீட்டரில் இவ்வளவு வேறுபாடு! கம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு முக்கோணங்களாக அமைவது மேலும் நல்லது. நாற்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது. பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கருத்தைத் தழுவி 1975-இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஓவல் இன்டென்ஷன்' கூடாரம் இந்த உண்மையைத்தான் பயன்படுத்தியது. துள்ளி விரியும் வளையங்களுக்கு இந்த வலிமை இல்லை. எளிதில் வளைய வேண்டும் என்பதற்காகவே அவை மெல்லியவையாகச் செய்யப்படுகின்றன. மடிப்பதற்கு இணங்கும் கம்பு காற்றுக்கும் இணங்கும். விரைவுக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுவே.

எதை வாங்கலாம்?

காரில் சென்று, மழையும் பலத்த காற்றும் இல்லாத பருவத்தில் ஓரிரவு தங்குவோர் துள்ளி விரியும் கூடாரத்தைத் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு என் பரிந்துரை இது: நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு '6 பேர்' என்று எழுதிய, குறுக்கிடும் தனிக் கம்புகள் கொண்ட சாதாரணக் குவிமாடக் கூடாரம். வெளிக்கூரை உச்சியை மட்டும் தொப்பிபோல் மூடாமல் நிலம்வரை இறங்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுவழி வேண்டும். விரியும் பொறிக்குக் கொடுக்கும் பணத்தை இரண்டாவது சுவருக்கும் தடித்த கம்புக்கும் கொடுங்கள்.

எந்தக் கூடாரமானாலும் இரண்டு எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது. குளிருக்காகக் கரியடுப்பையோ, சமையலுக்காக ஸ்டவ்வையோ கூடாரத்துக்குள் ஏற்றாதீர்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரிக்கங்கும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துவிட நேரும். இடி இடிக்கத் தொடங்கினால் கூடாரத்தை நம்பாமல் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ சென்றுவிடுங்கள். துணியும் கம்பும் மின்னலைத் தடுக்கமாட்டா.

இறுதியாக, வாங்கிய கூடாரத்தைப் பயணத்திற்கு முன்பே ஒரு முறை மொட்டை மாடியில் நிறுத்திப் பாருங்கள். முளைக்குப் பதிலாக நீர் நிரப்பிய குடங்களில் கயிற்றைக் கட்டலாம். கைக்கடிகாரத்தை வைத்து நேரத்தைக் குறியுங்கள். தையல்களின்மீது நான்கு வாளி நீரை ஊற்றி, உள்ளே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து எங்கே நனைகிறது என்று பாருங்கள். பிள்ளைகளையே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கிடைத்த எண்களை ஒரு தாளில் எழுதி உறையின்மேல் ஒட்டிவையுங்கள். அடுத்த பயணத்திற்கு நீங்கள் நம்ப வேண்டியவை அந்த எண்களே.