வாய் மூடிய பாகவதர்: கற்பனை இசைத்தட்டு உறைகளை எப்படி ரசிப்பது

பழைய திரைநட்சத்திரங்களை, ஒருபோதும் வெளிவராத இசைத்தட்டு ஒன்றின் உறையிலே வைத்துச் சித்திரிக்கின்ற கலை இன்று பல நாடுகளிலும் பரவி, தமிழ் நட்சத்திரங்களையும் வந்தடைந்திருக்கிறது. ஆயினும், தியாகராஜ பாகவதரின் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கின்ற பெரியவர்கள் இதனைக் கணினிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கென்று ஒதுக்குவதும், அந்தப் பிள்ளைகளோ இசைத்தட்டையே கண்டிராத தங்களுக்கு இதில் என்ன இருக்கிறதென்று நகர்ந்துவிடுவதும் எனக்குப் பொறுக்கமுடியாத விஷயங்களாக இருக்கின்றன. இருசாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்த ரஸனையில் விசேஷ உரிமையே உண்டு. 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலியின் வழியாக, ஒரு படம் வின்சர், வெலிங்டன் திரையரங்குகளுக்கு வந்துசேருவதற்கு முன்னரே அதன் பாடல்கள் பல வேளைகளில் நம் முற்றங்களுக்கு வந்துவிட்டன. கேட்ட பாட்டுக்குக் காணாத முகத்தை மனத்துக்குள்ளே எழுதிப் பார்த்துக்கொண்டு படத்துக்காகக் காத்திருந்த சனம் நாங்கள். கற்பனை உறையை வரைகிற ஓவியர் செய்வதும் அந்த வேலையைத்தான்.

முதற்பாடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உறை ஒரு சதுரம்: நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் சிறு தட்டுக்கு 7 அங்குலம், 33⅓ சுற்றுத் தட்டுக்கு 12 அங்குலம். திரை அகலமானது, ஆகவே அகலத்தில் எதை வெட்டி எதை வைத்திருக்கிறார்கள் என்று முதலிலே பாருங்கள். பின்னர் எழுத்து எங்கே நிற்கிறது, கம்பனியின் முத்திரை முகத்தோடு மல்லுக்கட்டுகிறதா, நிறங்கள் எத்தனை என்பவற்றைக் கவனியுங்கள். கையை நீட்டிப் பிடித்து ஒருமுறையும் மடியில் வைத்து ஒருமுறையும் பாருங்கள். பின்பக்கத்தை மறவாதீர்கள். இவ்வளவும் போதும்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம். 78 சுற்றுத் தட்டுகளின் காலத்திலே நட்சத்திரங்கள் தாமே பாடினார்கள். 1938இல் 'நந்தகுமார்' படத்தின் மூலம் பின்னணிக் குரல் தமிழுக்கு வந்துவிட்ட பின்னரும் பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தங்கள் சாரீரத்தாலேயே நட்சத்திரங்களாக விளங்கினார்கள். ஆனால் அவர்களுடைய தட்டுகள், நடுவிலே வட்டமாகத் துளையிட்ட வெறும் கடதாசி உறைகளிலேதான் பெரும்பாலும் விற்கப்பட்டன. அமெரிக்காவில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் ஓவியர் 1940 அளவிலேயே கொலம்பியா கம்பனிக்குச் சித்திர உறைகளை வரையத் தொடங்கியிருந்தும், பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளியான 1944இல் அந்த வழக்கம் நம் பக்கத்தை எட்டியிருக்கவில்லை. அது எட்டிய அறுபதுகளிலோ உறையை நிறைத்த முகங்கள் எம்.ஜி.ஆருடையனவும் சிவாஜியுடையனவும், தட்டுக்குள்ளே ஒலித்ததோ டி. எம். சௌந்தரராஜனின் குரல். பாடியவருக்கு உறையில் முகம் வாய்க்கவில்லை; முகம் வாய்த்தவர் பாடவில்லை. கற்பனை உறை இந்தக் குறையைத் தீர்க்க வந்த கலை என்பதை உணர்ந்தவர் அதனை வெறும் விளையாட்டென்று சொல்லமாட்டார்.

இதிலிருந்து, நான் மிகவும் முக்கியமென்று கருதுகின்ற ஒரு பேதம் பிறக்கிறது: உறையிலுள்ள முகம் வாய் திறந்த முகமா, வாய் மூடிய முகமா? தாமே பாடிய நட்சத்திரத்தை வாய் திறந்த நிலையில் வரைவது அபசாரம். அவருடைய குரல் தட்டின் கோடுகளுக்குள்ளே மெய்யாகவே இருக்கிறது. ஊசி படுமுன்னர் அந்த வாயைச் சித்திரம் திறந்துவிட்டால், பாட்டு தொடங்கும்போது கேட்பவரின் மனத்துக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பாகவதர் வாய் மூடியே இருக்கவேண்டும்; சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு முதல் எடுப்புக்கு ஆயத்தமாகிற அந்த ஒரு நொடியின் அமைதி முகத்தில் நிலவவேண்டும். சிவாஜியோ வேறு. பிறர் குரலுக்கு வாயசைப்பதை ஒரு நாட்டியமாகவே உயர்த்திய அவருடைய கலை முழுவதும் அந்த உதட்டிலும் தாடையிலும் கழுத்து நரம்பிலும் குடியிருப்பதால், அவரை வாய் மூடி வரைந்தால் தபால்முத்திரைதான் மிஞ்சும். ஆனால் கட்டபொம்மன் வசனத்துக்கு உறை வரைவதென்றால், அங்கே குரலும் அவருடையதாகையால், வாய் மறுபடியும் மூடிக்கொள்ளவேண்டும். எம்.ஜி.ஆரின் பாட்டு வாயில் அன்று, நடையிலும் வீசுகின்ற கையிலும் இருந்தது. அவரை அரைப் புன்னகையில் நிறுத்திக் கைக்கு இடம் விடுகிறவர் விஷயம் அறிந்தவர். சாவித்திரி மூன்றாவது இனம்: சுசீலாவின் குரலைத் தம்முடையதென்று ஏற்றுக்கொண்டு உள்ளே கேட்டிருக்கின்ற முகம் அவருடையது, இதனைக் கேட்கும் முகம் என்பேன். பானுமதி தாமே பாடியவர், ஆகவே மூடிய வாய். ஆனால் அந்த உதட்டோரத்துக் கர்வம் விடுபடலாகாது. என் விதியை மீறுகிறவர் ஒருவர் உண்டு. கொழும்பிலே வளர்ந்த சந்திரபாபு தம் பாட்டைத் தாமே பாடியவரானாலும், தொண்டையை உடைத்து மேலேற்றுகின்ற அந்த மேனாட்டுக் குழைவை வாய் மூடி எப்படிக் காட்டுவது? அவரைத் திறந்தே விடுங்கள்.

இந்தப் பேதத்தை அறியாதவர்களே இன்றைய நாகரிகத்தை நடத்துகிறார்கள். முகத்தை அழித்துவிட்டுத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும், அல்லது பாகவதரின் கிராப்பை மாத்திரம், விட்டுவைக்கின்ற சித்திரங்களைச் சில விமரிசகர்கள் சுருக்கத்தின் சிகரமென்று மெச்சுகிறார்கள். முகத்தை எழுதும் சக்தியற்ற கை தேடிக்கொள்ளும் ஒளிப்பிடம் அது. 'நாடோடி மன்னன்' வெளியான 1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஆருக்குப் பிற்காலத்து வெள்ளைத் தொப்பியைச் சூட்டுகிறவர் அவரை ஒருநாளும் பார்த்தவர் அல்லர். நியூயோர்க்கின் புளூ நோட் கம்பனிக்காக ரீட் மைல்ஸ் அமைத்த ஜாஸ் உறைகள் மகத்தானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த நீலச் சாயத்தை எடுத்து, கணவர் கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் வெள்ளையன்றி உடுத்தாத சுந்தராம்பாளின் மேல் பூசுவதற்கு ரஸனை என்று பெயரில்லை. பொய்க் கீறல்களையும் பொய்க் கறைகளையும் அச்சிலே சேர்த்துப் பழமையை வரவழைப்போரைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

தொலைக்காட்சி முகங்களுக்கு வேறு கணக்கு. உயர்ந்த அன்டெனாக்களை நட்டு இந்தியாவின் தூரதர்ஷனைப் பிடித்துப் பார்த்த வீடுகளில், செய்தி வாசிப்பாளர் ஷோபனா ரவியின் முகம் ஏறக்குறைய ஓர் உறையின் அளவிலேதான் தோன்றியது. திரைநட்சத்திரம் உறையிலே சுருங்குகிறார். தொலைக்காட்சி முகமோ தன் இயல்பான அளவில் வந்து அமர்கிறது. ஆகவே அலங்காரம் வேண்டாம்; நேர் பார்வை போதும்.

உங்களிடம் மாத்திரம் ஒன்று சொல்கிறேன். சென்னை நட்சத்திரங்களுக்கு வரைய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நம்முடையவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972), தர்மசேன பத்திராஜ இந்த மண்ணிலே எடுத்த 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று' (1978) ஆகியவற்றுக்கு 12 அங்குலச் சதுரத்திலே ஓர் உறையை நினைத்துப் பாருங்கள். ஏ. ஈ. மனோகரன் தாமே பாடி, தாமே நடித்தவர். என் விதிக்கு அவரைப்போன்ற நல்ல பரீட்சை வேறில்லை. இவர்கள் எல்லோருக்கும் முன்னதாக, திரைநட்சத்திரம் அல்லர் என்று யார் தடுத்தாலும், காங்கேசன்துறையின் நாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள்: மயான காண்டத்து அரிச்சந்திரனாக, தோளிலே தடியோடு, வாய் மூடி, சந்திரமதி வந்து நிற்பதற்குச் சற்று முன்னராக. நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். எழுத்தைக் கணினியிலே தேடாதீர்கள். யாழ்ப்பாணத்து அச்சகங்களின் பழைய நாடக நோட்டீசு ஒன்றைக் கண்டெடுத்து, அதிலுள்ள ஈய எழுத்தைப் பார்த்துக் கையாலேயே எழுதுங்கள்.