ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு சதவீதம்

மருத்துவ மாணவர்களின் மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக் கட்டுரைகளை ஒரு மாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சு. கொஞ்சம் மாணவர்கள், ஆளுக்கு ஒரு பஞ்சுக்குச்சி, ஒரே ஒரு தடவை சோதனை, கடைசியில் ஒரு சதவீதம். பிறகு 'கை கழுவுங்கள்' என்ற அறிவுரை. அறிவுரை சரிதான். அந்தச் சதவீதத்தோடுதான் எனக்குச் சண்டை.

விஷயம் சாதாரணமானது இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா 10 பேரில் சுமார் 3 பேர் மூக்கில் சும்மா குடியிருக்கும். மெத்திசிலின் மருந்து 1959ல் வந்தது. அதற்கு அடங்காத வகை 1961லேயே இங்கிலாந்தில் தென்பட்டுவிட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. இந்தியாவில் 2008, 2009ல் 15 பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து கணக்கெடுத்தபோது, நோயாளிகளிடம் கிடைத்த ஆரியஸில் 41 சதவீதம் இந்த வகை.

சரி, என் முதல் புகார். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பிலும் மூக்கைத் துடைத்தார்கள். ஆம்பூர் நண்பன் ஒருவனுக்கு 'பாசிட்டிவ்'. அவன் அப்பாவுக்கு டேனரியில் வேலை. "டேனரி வீடு, வேற எப்படி இருக்கும்?"ன்னு விடுதியில் ஒருத்தன் சொன்னான். அப்புறம் மெஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார ஆளில்லை. மூணு வாரம் கழித்து மறுபடி துடைத்தபோது மூக்கில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செய்தி விடுதிக்குள் பரவவே இல்லை.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. சிலர் மூக்கில் இது நிரந்தரமாகத் தங்கும். பலர் மூக்கில் வந்து வந்து போகும். ஒரே ஒரு தடவை துடைத்தால் யார் எந்த வகை என்று தெரியாது.

இரண்டாவது, எங்கிருந்து வந்தது? வார்டுக்குள் இன்னும் கால் வைக்காத முதலாண்டு மாணவர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் ஒப்பிட வேண்டும். அதே மாணவர்களை வருஷா வருஷம் தொடர்ந்தால் இன்னும் நல்லது. 1990களிலிருந்து இது மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களிடமும் பரவியிருப்பதால், வெளியாட்களும் கணக்கில் வர வேண்டும்.

அப்போ டேனரியைச் சந்தேகிக்கவே கூடாதா? கேள்வியாகக் கேட்கலாம். நெதர்லாந்தில் பன்றி வளர்ப்பவர்களிடம் ஒரு தனி வகை எம்.ஆர்.எஸ்.ஏ. கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு வரும் பச்சைத் தோலுக்குக் கெடாமலிருக்க உப்பு போடுவார்கள். இந்தப் பாக்டீரியாவோ உப்புக்கு அஞ்சாதது. ஆய்வகத்தில் இதைப் பிரித்தெடுக்கும் ஊடகத்திலேயே 7.5 சதவீதம் உப்பு! ஆனால் சந்தேகம் முடிவாகிவிடாது. டேனரித் தொழிலாளி, வார்டு ஊழியர், மளிகைக் கடைக்காரர், மாணவர் என்று எல்லோர் மூக்கையும் ஒரே முறையில் துடைத்துப் பார்த்தால்தான் பேச முடியும்.

இன்னொன்று. 2001ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், ரத்தத்தில் ஆரியஸ் பரவிய நோயாளிகளில் 10ல் 8 பேருக்கு அது அவர்கள் மூக்கில் இருந்த அதே கிருமிதான். ஆகவே மூக்கில் வைத்திருப்பவருக்கே ஆபத்து உண்டு. அவரிடம் முடிவைத் தனியாகச் சொல்லி, தேவைப்பட்டால் முபிரோசின் களிம்பு கொடுத்து, மறுபடி துடைத்துப் பார்க்க வேண்டும். அந்த மறுசோதனையையும் எழுதும் கட்டுரையைத்தான் நான் முழு ஆய்வு என்பேன்.