பிடிபட்டது திருடனா, வீட்டுப் பிள்ளையா? ஆன்டிவைரஸின் பொய் எச்சரிக்கைகளைச் சமாளித்த அனுபவம்

கட்டுரை அனுப்ப வேண்டிய நாள் அது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து தட்ட ஆரம்பித்தால் திரையில் ஆங்கில எழுத்துகளாகவே விழுகின்றன. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுவதற்காக நண்பர் ஒருவர் ஆட்டோஹாட்கீ என்ற கருவியில் எழுதிக் கொடுத்த சிறு புரோகிராமை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தேன். அதைக் காணவில்லை. காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த ஆன்டிவைரஸ் இரவில் அப்டேட் ஆகி, அதை ட்ரோஜன் என்று முத்திரை குத்திக் குவாரன்டைனில் அடைத்திருந்தது.

அன்று பட்ட பாட்டுக்குப் பிறகுதான், நல்ல ஃபைல் தவறாகப் பிடிபட்டால் மீட்பது எப்படி என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அந்த ஆன்டிவைரஸின் சந்தா முடிந்ததும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு மாறினேன். இரண்டு மாதமாக அதையும், வைரஸ்டோட்டல் என்ற இணையச் சேவையையும் சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை.

முதலில், தவறு ஏன் நடக்கிறது? நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும், அது வேர்டுக்குப் போய்ச் சேரும் முன்பே நண்பரின் புரோகிராம் வழிமறித்து, அதற்குரிய தமிழ் எழுத்தை அனுப்புகிறது. கடவுச்சொல் திருடும் கீலாகர்களில் பலவும் இதே இடத்தில் நின்றுதான் வழிமறிக்கின்றன. வழிமறித்த பிறகு என்ன செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஆட்டோஹாட்கீயில் உருவாக்கும் எல்லா எக்ஸி ஃபைல்களிலும் ஒரே இயக்கக் குறியீடு உள்ளே இருக்கும். அதையே யாரோ ஒரு கயவன் வைரஸ் எழுதப் பயன்படுத்தியிருந்தால், சாயல் பார்த்துப் பிடிக்கும் ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரியும். பைஇன்ஸ்டாலர் கொண்டு கட்டிய பைத்தான் புரோகிராம்களுக்கும் இதே கதிதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் மென்பொருளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுகின்றன. அதற்கான சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். இலவசமாகத் தமிழ்க் கருவி எழுதித் தருகிறவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

பெரிய மென்பொருள்களும் தப்பவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகித் தவித்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் ஆன்டிவைரஸ் தன்னுடைய அப்டேட்டரையே சந்தேகித்தது. 2022 செப்டம்பர் 4 அன்று டிஃபெண்டர், குரோமைத் திறக்கும்போதெல்லாம் எச்சரித்தது. மூன்றிலும் தவறு வந்தது அப்டேட் வழியாக. திருத்தமும் அப்டேட்டாகவே வரும், பெரும்பாலும் சில மணி நேரத்தில். ஆகவே எச்சரிக்கை வந்ததும் நான் முதலில் செய்வது, கையால் ஒரு முறை அப்டேட் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்வதுதான்.

அதிலும் தீராவிட்டால் அடுத்தது வைரஸ்டோட்டல். 2004-ல் ஸ்பெயினில் தொடங்கியது. 2012 முதல் கூகுளிடம் இருக்கிறது. ஒரு ஃபைலைக் கொடுத்தால் சுமார் எழுபது ஆன்டிவைரஸ்கள் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். கட்டணம் இல்லை. ஆனால் பிடிபட்ட ஃபைலைக் கம்ப்யூட்டரில் தொடவே முடியாதே, எப்படி ஏற்றுவது? செல்போன் வழியாகத்தான். நண்பரிடமிருந்து அசல் ஃபைலை ஆண்ட்ராய்டு போனில் வாங்கி அங்கிருந்தே ஏற்றினேன். விண்டோஸ் எக்ஸி ஃபைல் போனில் ஓடாது என்பதால் பயமில்லை.

ஆறு இடத்தில் சிவப்பு. பார்த்ததும் பகீரென்றது. ஆனால் எத்தனை சிவப்பு என்பதைவிட, என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதே முக்கியம். ஜெனரிக், சஸ்பிஷஸ், ஹியூரிஸ்டிக் என்று பொதுப்படையாக இருந்தால் சாயலை வைத்துச் சொன்ன ஊகம். டிஃபெண்டர் தரும் பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் எம்எல் என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தால், அது மெஷின் லேர்னிங்கின் கணிப்பு. பல பெரிய நிறுவனங்கள் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் அப்புறம் பேச்சே இல்லை, அழித்துவிடுங்கள். எனக்கு வந்த ஆறும் முதல் வகை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. புத்தம் புதிய வைரஸையும் முதல் நாளில் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்களே பிடிக்கலாம். எனவே ஊர் பேர் தெரியாத ஃபைல் என்றால் இரண்டு நாள் பொறுத்து மறுபடி சோதியுங்கள். இன்னொன்று, அங்கே ஏற்றும் ஃபைலைச் சந்தாதாரர்களான பாதுகாப்பு நிறுவனங்களும் எடுத்துப் பார்க்க முடியும். ஆதார் நகலையோ வங்கி ஸ்டேட்மென்டையோ தவறியும் ஏற்றாதீர்கள்.

இனி டிஃபெண்டர். பிடிப்பதில் சுறுசுறுப்பு. ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கவென்றே உருவாக்கப்பட்ட ஐகார் என்ற 68 எழுத்து ஃபைலை நோட்பேடில் சேமித்தேன். உடனே எச்சரிக்கை வந்தது. புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் என்ன பெயரில் பிடித்தது, எந்த ஃபோல்டரிலிருந்து பிடித்தது என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. அங்கேயே ரிஸ்டோர் பொத்தானும் உண்டு. ஆனால் 'இதைச் சோதிக்காதே' என்று விலக்கு கொடுக்கும் இடத்தை வேறொரு பக்கத்தின் அடியில் வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டுக்கு ஃபைலை அனுப்பும் இணைப்பும் அப்படியே, செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கிறது. இது பெரிய குறை. பதற்றத்தில் இருப்பவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார், ஆன்டிவைரஸையே அணைத்துவிடுவார்.

விலக்கை ஃபைல், ஃபோல்டர், ஃபைல் வகை, புராசஸ் என நான்கு விதமாகக் கொடுக்கலாம். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கே விலக்குக் கொடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அது வாசற்கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். இன்னொன்றும் கவனியுங்கள். விலக்கு என்பது ஃபைல் இருக்கும் இடத்துக்குத்தான், உள்ளடக்கத்துக்கு அல்ல. அதே இடத்தில் அதே பெயரில் வேறொரு ஃபைலை யாராவது வைத்தால் அதுவும் சோதனையில்லாமல் உள்ளே போகும். அதனால் செவன்-ஜிப்பின் ரைட் கிளிக் மெனுவில், ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு நண்பருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். அவரிடமிருந்த அசலின் 64 எழுத்தோடு ஒத்துப்போன பிறகே ஃபைலைத் திறந்தேன்.

எல்லா எச்சரிக்கையும் பொய் அல்ல. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்ற குறிப்போடு வரும் கிராக் மென்பொருளைப் பிடித்தால், அது சரியாகவே பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் மின்விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சில நல்ல மென்பொருள்களை டிஃபெண்டர் மறித்தபோது பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அவை பயன்படுத்திய வின்ரிங்0 டிரைவரில் உண்மையான ஓட்டை இருந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் முடிவு. சந்தேகம் தீர்க்க வைரஸ்டோட்டலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் புரோகிராமுக்காக, அதைப் பிடித்த பழைய நிறுவனத்துக்கே 'தவறான எச்சரிக்கை' என்று படிவத்தை நிரப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாம் விலக்குக் கொடுத்தால் நம் கம்ப்யூட்டரில் மட்டும்தான் பிரச்சினை தீரும். புகார் அனுப்பினால் அந்தக் கருவியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் தீரும். தனி ஆள் ஒருவர் உழைத்துக் கொடுத்த மென்பொருள் உங்கள் வீட்டில் தவறாகப் பிடிபட்டால், பத்து நிமிடம் ஒதுக்கி அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.