படத்தின் உடலும் விலாசமும்

மொட்டைமாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சந்திக்கின்ற மூலையை ஐந்தில் ஒரு பங்கு அளவிலாவது வரைந்து கொடுக்காத கட்டடக் கலைஞன், ஐப்பசி மாதத்து மழைக்கு வீட்டுக்காரரின் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டியவனாகிறான் என்பதைத் தொழிலுக்கு வந்த முதல் சில வருஷங்களிலேயே நான் அனுபவத்தில் அறிந்துகொண்டேன். தளத்தின் கான்கிரீட், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரி 75 மில்லிமீட்டர் கனத்துக்கு இடித்துப் போடுகிற வெதரிங் கோர்ஸ், அதற்கும் மேலே தட்டோடு, ஓடு சுவரில் போய் முட்டுமிடத்தில் வளைத்துப் பூசிய சிமெண்டு, மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய இத்தனையும் ஒரு சாண் அகலக் காகிதத்தில் அடங்கியாக வேண்டும். தொழிலில் இதை டீடெயில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆகையால் நானும் அப்படியே சொல்லுகிறேன்.

படத்தை வரைவது பாதி வேலை. அதற்கு ஒரு விலாசம் கொடுத்து, அந்த விலாசம் பிழைபடாமல் பார்த்துக்கொள்வது மற்றப் பாதி. வெட்டுப்படத்தில் அந்த மூலையைச் சுற்றி வட்டமிட்டு, வட்டத்தின் வாலில் ஒரு சிறு உருண்டை போட்டு, உருண்டையின் மேற்பாதியில் டீடெயிலின் எண்ணையும் கீழ்ப்பாதியில் அது இருக்கும் தாளின் எண்ணையும் எழுதுவது மரபு. டிரேசிங் காகிதத்தில் மசியால் வரைந்த அந்நாட்களில், நடுவே புதிதாக ஒரு தாள் சேர்ந்துவிட்டால் பின்னால் வருகிற தாள்களின் எண்கள் யாவும் மாறும். அவற்றைச் சுட்டுகிற உருண்டைகளை எல்லாம் தேடிப் பிடித்து, பாதி பிளேடால் மசியைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி எழுத வேண்டும். எப்படியும் ஒன்று கண்ணுக்குத் தப்பும். தப்பியது எது என்பதைக் கொத்தனார்தான் கண்டுபிடிப்பார், அதுவும் சுவர் எழும்பிய பிற்பாடு.

1997-ஆம் வருஷம் அமெரிக்காவில் சார்லஸ் ரிவர் சாஃப்ட்வேர் என்ற பெயரில் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் உருவாக்கி, 2002-இல் ஆட்டோடெஸ்க் விலைக்கு வாங்கிக்கொண்ட ரெவிட் என்னும் மென்பொருள், வெறுங்கோடுகளைச் சேர்த்து வைக்காமல் கட்டடத்தையே ஒரு மாதிரியாகக் கணிப்பொறிக்குள் நிர்மாணித்து, பிளானையும் வெட்டுப்படத்தையும் முகப்பையும் அந்த மாதிரியின் வெவ்வேறு பார்வைகளாகக் காட்டுவது என்பது இன்று தொழிலில் உள்ள யாவரும் அறிந்ததே. அதன் மற்ற மகிமைகளை விஸ்தரிப்பது என் உத்தேசம் அன்று. டீடெயில்களைப் பேணுகிற ஒரு காரியத்துக்கு மட்டும் அது எவ்வளவு தூரம் பிரயோஜனப்படுகிறது என்பதை, சென்னையில் ஓர் இரண்டடுக்கு வீட்டின் வேலைப் படங்களை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை அதிலேயே தயாரித்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

விலாசத்தைப் பொறுத்த மட்டில் அதன் சேவை அப்பழுக்கற்றது. வெட்டுப்படத்தில் கால்-அவுட் என்ற கருவியைக் கொண்டு ஒரு மூலையைச் சுற்றிக் கட்டமிட்டால் உருண்டை தானே தோன்றுகிறது. ஆனால் அதற்குள் எண் எதுவும் இராது. அந்த டீடெயிலை ஒரு தாளில் கொண்டுபோய் வைத்த கணத்தில்தான் மேலும் கீழும் எண்கள் வந்து நிரம்புகின்றன. பிறகு தாளின் எண்ணை மாற்றினாலும், டீடெயிலை வேறொரு தாளுக்குக் குடியேற்றினாலும், உருண்டை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஒரே தாளில் இரண்டு டீடெயில்களுக்கு ஒரே எண்ணைக் கொடுக்க முயன்றால் சம்மதிக்க மறுக்கிறது. காலியான உருண்டை ஒன்று அச்சுக்குப் போகும் தாளில் தென்பட்டால், எங்கோ ஒரு படம் தாள் ஏறாமல் கிடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அரை பிளேடோடு என் இளமையில் பாதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த ஒரு சௌகரியத்துக்காகவே மற்ற உபத்திரவங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

உபத்திரவம் படத்தின் உடலில் தொடங்குகிறது. கால்-அவுட்டைச் சாதாரணமாகப் போட்டால், மாதிரியின் அந்தப் பகுதியே பெரிதாகி உயிரோடு நம் முன் நிற்கிறது. தளம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, ஆனால் தட்டோட்டின் சந்துகளும் வளைவுப் பூச்சும் குழாயின் வாயும் இல்லை, ஏனெனில் அவற்றையெல்லாம் மாதிரியில் யாரும் கட்டுவதில்லை. அவற்றை அந்தப் பார்வையின் மீது கோடுகளாகவும் நிரப்புகளாகவும் நாமே வரைய வேண்டும். வரைந்து முடித்த மறுவாரம் பொறியாளர் தளத்தின் கனத்தை 125 மில்லிமீட்டரிலிருந்து 150 ஆக உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் மேல்நோக்கித் தடிக்குமாறு அமைந்திருந்தால், நாம் வரைந்த ஓடுகள், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தோடு பூட்டி வைத்தாலன்றி, பழைய இடத்திலேயே நின்று கான்கிரீட்டுக்குள் புதைந்துபோகின்றன. இதைச் சமாளிக்கத் தெரியாத இளைஞர்கள் மறைப்பு நிரப்பு என்ற வெள்ளைத் துண்டு ஒன்றை மாதிரியின்மேல் ஒட்டி, அதற்கும் மேலே தமக்கு வேண்டியதை வரைந்துவிடுகிறார்கள். அந்த வெள்ளைக்குப் பின்னால் மாதிரி ஒன்று சொல்ல, முன்னால் படம் வேறொன்று சொல்லும். இதனிலும் ஆபத்தான வசதி அந்த மென்பொருளில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

மற்றொரு மார்க்கம், மாதிரியோடு சம்பந்தமே இல்லாத வெற்றுத் தாளான டிராஃப்டிங் வியூவில் டீடெயிலை முழுவதும் கையால் வரைந்துவிட்டு, வெட்டுப்படத்துக் கால்-அவுட்டை ‘வேறு பார்வையைச் சுட்டு’ என்ற விருப்பத்தின் மூலம் அதற்குத் திருப்பி விடுவது. மாதிரியை விட்டு விலகுவது பழைய காலத்துக்குத் திரும்புவதாகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. கைப்பிடிச் சுவரின் மூலை இந்த வீட்டிலும் அடுத்த வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே; தளம் 25 மில்லிமீட்டர் தடித்ததனால் தண்ணீர் வழிகிற விதி மாறிவிடுவதில்லை. டீடெயிலின் விலாசத்தை மாதிரியோடு கட்டிப்போட்டுவிட்டு, உடலைக் கட்டாமல் விடுவதே விவேகம். மாடிப்படி, ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டலும் சன்ஷேடும் சேருமிடம் போன்று வீட்டுக்கு வீடு வேறுபடுவனவற்றை மட்டும் உயிருள்ள பார்வையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எது எந்த வகை என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். சாதாரணக் கால்-அவுட்டாகப் பிறந்ததைப் பிறகு சுட்டும் கால்-அவுட்டாக மாற்ற வழியில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அழிப்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு: சுட்டும் உருண்டையை அழித்தால் படம் பத்திரமாக இருக்கும், சாதாரண உருண்டையை அழித்தால் அதன் பார்வையும் கூடவே அழியும். எச்சரிக்கை ஒன்று திரையில் வரத்தான் செய்கிறது. மாலை ஆறரை மணிக்கு எச்சரிக்கைகளைப் படிக்கிறவர் யார்?

சுட்டும் உருண்டையின் பக்கத்தில் ‘சிம்’ என்று ஓர் ஆங்கிலக் குறுஞ்சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைப் போன்றதே என்பது அதன் தாத்பரியம். எங்கள் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவருக்குள் செல்போன் சம்பந்தமாக ஏதாவது பதிக்க வேண்டுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அந்தக் குறிப்பை உருண்டையின் வகைப் பண்பில் வேண்டியபடி மாற்றலாம், வெறுமையாகவும் விடலாம். அன்று மாலையே வெறுமையாக்கினேன்.

ஒரு செங்கலை வரைந்து வைத்துவிட்டால், இழுத்த நீளத்துக்கு அதை வரிசையாக அடுக்கித் தருகிற ஒரு கருவி உண்டு, மிகவும் ரஸமானது. ஆயினும் அதற்கு முன்னால் 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம் உள்ள நம் ஊர்ச் செங்கல்லை நாமே ஒரு ஃபேமிலியாக, அதாவது திரும்பத் திரும்ப எடுத்து வைக்கக்கூடிய உருப்படியாக, செய்துகொள்ள வேண்டும். நான் இதற்கு இரண்டு நாள் செலவிட்டேன், வருத்தமில்லை. பழைய ஆட்டோகேட் படங்களை அப்படியே இறக்கி உடைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணுகிறவர்கள்தாம் வருத்தப்படுவார்கள். ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டருக்கும் குறைந்த கோடுகளை ரெவிட் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே நுண்ணிய வளைவுகள் அங்கங்கே அறுந்துபோகின்றன. உடைத்த படத்தின் அடுக்குகள் எல்லாம் விநோதமான பெயர்களோடு கோட்டு வகைப் பட்டியலில் குடியேறிவிடுகின்றன. திரும்ப வரைவதே சிக்கனம். ஹங்கேரி தேசத்து மென்பொருளான ஆர்க்கிகேட் இந்த விஷயத்தில் நடுவழியில் போகிறது: டீடெயிலை மாதிரியிலிருந்து பிரதி எடுத்துத் தனியே வைத்துவிட்டு, நாம் கேட்கும்போது மட்டும் மூலத்திலிருந்து புதுப்பிக்கிறது. எனக்கு அந்த முறையில் ஒரு சபலம் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமான குறை நூலகத்தில் இருக்கிறது. நல்ல டீடெயில்களை ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, புதிய வீடு வரும்போது அதிலிருந்து வேண்டிய பார்வைகளைப் புகுத்திக்கொள்ளலாம். அந்தக் கோப்பை அலுவலகத்தில் உள்ள மிகப் பழைய பதிப்பிலேயே வைத்திருக்க வேண்டும், ஏனெனில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறப்பதில்லை. ஒரே பெயருள்ள எழுத்து வகையும் நிரப்பு வகையும் இரு பக்கமும் இருக்குமானால், வந்து சேர்கிற இடத்தில் இருப்பதே செல்லும். இவையெல்லாம் பழகிவிடக் கூடியவை. ஆனால் புகுத்தப்பட்ட படத்துக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்ற ஞாபகம் கிடையாது. ஒரு வீட்டில் மழைநீர்க் குழாயின் வாயருகே கசிவு கண்டு, காரணம் விசாரித்து, நூலகத்து டீடெயிலில் வளைவுப் பூச்சை உயர்த்தித் திருத்தினோம். அப்போது வேலை நடந்துகொண்டிருந்த வேறு இரண்டு வீடுகளின் கோப்புகளில் பழைய பிரதிகள் பழையபடியே இருந்தன. அவற்றில் ஒன்று, எங்கள் கவனக்குறைவினால், அப்படியே வேலை நடக்கும் இடத்துக்கும் போய்விட்டது. உருண்டையின் எண்களை மாத்திரம் பிசகே இல்லாமல் காட்டிக்கொண்டிருந்தது அந்தத் தாள்.

அது முதல் ஒவ்வொரு டீடெயிலின் பெயருக்குப் பின்னாலும் அதைக் கடைசியாகத் திருத்திய மாதத்தையும் வருஷத்தையும் சேர்த்து எழுதுகிறோம். தவிர, எந்த டீடெயில் எந்த வீட்டுக்குப் போயிற்று என்று ஒரு நீளக் கணக்கு நோட்டில், பேனாவால், என் மேஜையிலேயே வைத்துப் பதிந்து வருகிறேன்.