அவர் கை வேகமானது என்று யார் சொன்னது?

ஜப்பானில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமின் நேரலை ஓடும்போது திரையோரம் பாராட்டு கொட்டும். கைதட்டலுக்கு 8888: எட்டு அங்கே ‘ஹாச்சி’, கைதட்டும் ஓசை ‘பாச்சிபாச்சி’. அசத்தலான காம்போ என்றால் ‘காமி’, அதாவது கடவுள். அதையும் மீறினால் ‘ஹென்தாய்’, வக்கிரம் பிடித்தவன். திட்டுகிற தோரணையில் தரும் உச்ச விருது. இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. எரிச்சலூட்டுவது ‘நிங்கென் சேய்னோ’ மட்டும்தான். கம்ப்யூட்டருக்குச் சொல்வதுபோல மனிதனுக்கும் ‘ஸ்பெக்’ சொல்வது அது. எதிராளியின் டிரைவ் இம்பாக்டை (அடியைத் தாங்கிக்கொண்டே இடிக்கும் தாக்குதல்) ஒருவர் திருப்பியடித்தால் போதும், இவருக்கு ஸ்பெக் அதிகம் என்று வரிசையாக எழுதித் தள்ளுகிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவருக்கு (பெயர் வேண்டாம், ஆட்டம் பார்ப்பவர்களுக்குத் தெரியும்) இந்தப் பாராட்டு நிறையவே கிடைக்கிறது. அவர் கையில் அப்படியொரு மின்னல் கிடையாது என்பது என் கட்சி.

இம்பாக்ட் வந்து விழ 26 ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் அது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. விளக்கு எரிந்ததும் பட்டனைத் தட்டச் சராசரி மனிதனுக்குக் கால் நொடி போதும். அதை மட்டுமே எதிர்பார்த்து நின்றால் பக்கத்து வீட்டுப் பையனும் திருப்பிவிடுவான். போட்டியில் எதிராளி தாவலாம், டிரைவ் ரஷ்ஷில் பாயலாம், நடந்து வந்து பிடித்து எறியலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காவல் காக்க எவராலும் ஆகாது. எதற்கு எவ்வளவு கவனம் என்ற பங்கீட்டை ஜப்பானிய ஆட்டக்காரர்களே ‘இஷிகி ஹைபுன்’ என்பார்கள்.

நம்மவர் செய்வதைக் கவனியுங்கள். மூலைப் பக்கம் பின்வாங்குகிறார். இம்பாக்டுக்குத் தேவையான டிரைவ் கேஜில் மிச்சம் வைத்துக்கொள்கிறார். அது காலியானால் பதிலுக்கு இம்பாக்டால் திருப்பியடிக்க வழியே இல்லை. பிறகு நீளமான உதை ஒன்றை எட்டாத தூரத்திலிருந்து இரண்டு முறை வீசுகிறார். வர்ணனையாளர்கூட ‘பதறுகிறார்’ என்கிறார். எதிராளிக்குக் கை பரபரக்கிறது: அடுத்த உதையைத் தாங்கிக்கொண்டே இம்பாக்டால் இடித்துவிடலாமே! அடுத்த உதை வருவதில்லை. நம்மவர் தாவலைப் பற்றிய கவலையை அடியோடு விட்டுவிட்டு, இம்பாக்டின் வண்ணச் சிதறல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து நிற்கிறார். அந்த நேரம் எதிராளி தாவினால் முழு காம்போவும் வாங்க வேண்டியதுதான். வாங்கியும் இருக்கிறார். அப்போது ‘ஸ்பெக் இறங்கிவிட்டது, வயசாகிவிட்டது’ என்றது அதே கூட்டம்.

அடுத்த சீசனில் அந்த வெற்று உதைகளை எதிராளிகள் படித்துவிடுவார்கள், தாவத் தொடங்குவார்கள். அவர் சில தொடர்களில் முதல் நாளே மூட்டை கட்டுவார். இருபது வயதுப் பையன்களைப் பார்த்து எல்லோரும் வாய் பிளப்பார்கள். ஆண்டுப் பாதியில் அவர் அதே உதையை வீசிவிட்டு, இம்முறை மேலே பார்த்துக் காத்திருப்பார். தாவி வருகிறவர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழுவார்கள். கடைசி எட்டு பேரில் அவர் இருப்பார். கோப்பை வாங்குவாரா என்று கேட்டால், வலது பக்கம் நின்று ஆடும்போது அவருக்கு இன்னும் காம்போ தவறுகிறது. அதைச் சரிசெய்தால் வாங்குவார்.