கொப்புளக் கணக்கும் வைரஸின் மீள்கிளர்ச்சியும்: ஒரு மதிப்பீடு

ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸ், முதல் தொற்றுக்குப் பின்னர் முக்கிளை நரம்பின் அணுத்திரளில் வாழ்நாள் முழுவதும் உறைநிலையில் தங்குகிறது. சிலருக்கு அது அடிக்கடி உதட்டுக் கொப்புளமாக வெளிப்படுகிறது; பலருக்கு வெளிப்படுவதேயில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஓம்புயிரியின் மரபணுக்களில் தேடிய ஆய்வுகளுள் 2011இல் வெளிவந்த உட்டா குடும்ப ஆய்வு குறிப்பிடத்தக்கது. 21ஆம் குரோமோசோமிலுள்ள சி21ஓஆர்எஃப்91 மரபணுவை அது சுட்டியது. தலைமுறைகளினூடே மரபுப் பிணைப்பைத் தொடர்ந்து சென்று, தேடலின் பரப்பைக் குறுக்கியமை அதன் வலிமை.

எனினும், அவ்வாய்வு அளந்தது எதனை? கொப்புளம் எத்தனை முறை தோன்றியது என்பதையே. அறிகுறி ஏதுமின்றி உமிழ்நீரில் வைரஸ் வெளியேறுவது நன்கறியப்பட்ட உண்மை. ஆகவே கொப்புளமின்மை மீள்கிளர்ச்சியின்மை ஆகாது. ஒரு மரபணு, நரம்பணுவில் வைரஸை உறைநிலையிலேயே நிறுத்தலாம். அல்லது கிளர்ந்தெழுந்த வைரஸைத் தோலில் அடக்கலாம். இவ்விரண்டையும் கொப்புளக் கணக்கு பிரித்தறியாது. ஆய்வாளர்கள் அதனைக் கொப்புளத்திற்கு ஆட்படும் தன்மையின் மரபணு என்றே பெயரிட்டனர்; மீள்கிளர்ச்சி மரபணு என வாசிப்பது மிகை. உமிழ்நீர் மாதிரிகளைத் தொடர்ந்து சோதித்துக் கொப்புளக் கணக்குடன் ஒப்பிட்டாலன்றி அம்முடிபு நிலைபெறாது. கொப்புளமற்றவர் தொற்றைப் பரப்பார் எனக் கொள்ளின், அப்பிழையால் முதலில் பாதிக்கப்படுவோர் பச்சிளங்குழந்தைகளே.