முதலியார் இராசநாயகமும் மண்தரு சான்றும்

முதலியார் செ. இராசநாயகம் அவர்கள் 1926ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘புராதன யாழ்ப்பாணம்’ எனும் நூல், நம் குடாநாட்டை ஒதுங்கிய மூலையாகக் கொள்ளாது, யவனரும் அராபியரும் சீனரும் கலஞ்செலுத்திய கடல்வழியிலுள்ள துறைநிலமாகக் கண்டது. அந்நோக்கின் பெருமை மறுக்கற்பாலதன்று. அதனை நிறுவ ஆசிரியர் கைக்கொண்ட நெறியே ஆராய்தற்குரியது.

மணிமேகலை கூறும் மணிபல்லவத்தையும், பிறநாட்டார் குறித்த இடப்பெயர்களையும் குடாநாட்டின்மேல் ஏற்றி, அவ்விணைப்பின்மேல் வரலாற்றைக் கட்டுகின்றார் ஆசிரியர். பெயரொப்புமை ஐயத்தை எழுப்பவல்லது, துணிபு தரவல்லதன்று.

மண்ணும் கல்லும் தருஞ் சான்று வேறு வகையது. கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் அகழ்ந்தெடுத்த ரூலெற்றட் வகை மட்கலங்கள் அரிக்கமேட்டிற் கிடைத்தவற்றோடு ஒப்பன. அல்லைப்பிட்டியில் 1977இல் வெளிப்பட்ட சீனக் கலங்கள் சொங் காலத்தன. முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டோ, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்க விதித்து, யானை குதிரை கொணருங் கலம் உடையின் நாலிலொரு பங்கும், வாணிகப் பண்டம் கொணருங் கலம் உடையிற் செம்பாதியும் பண்டாரத்துக்குரியன என்கின்றது. துறையின் வாழ்வு ஈண்டுக் கண்கூடு.

ஆகவே, முதலியாரின் நோக்கு நிலைபெற்றது. அவர் சென்ற வழி நிலைபெற்றிலது. சான்று வருமுன் துணிந்த கூற்று, பின்னர் மெய்யாயினும் ஆராய்ச்சியாகாது. ஊர்ப்பற்று வினாவை எழுப்புக. விடையைச் சான்று கூறுக. வரலாறு பயிலும் நம் மாணவர் அந்நூலினின்று பெறத்தக்க பாடம் இதுவே.